மருத்துவ ஆய்வுகளில் பல இன மக்கள் சேராதது ஏன்? "நம்பிக்கை இல்லை" என்ற பதில் போதுமா?

முகிலன்:
அமெரிக்காவில் மூன்று நகரங்களில் நடக்கவிருக்கும் இரத்த அழுத்த மருந்து ஆய்வுக்கு நெறிமுறை (ஆய்வை எப்படி நடத்துவது என்ற விதித் திட்டம்) எழுதும் கட்டம் இது. மூன்றாம் கட்ட ஆய்வு, அதாவது பெரிய எண்ணிக்கையில் ஆட்களிடம் மருந்தைச் சோதிப்பது. கறுப்பின மக்கள், ஸ்பானிஷ் பேசுபவர்கள், தெற்காசியர்கள் மூன்று தரப்பிலிருந்தும் போதிய எண்ணிக்கையில் ஆட்கள் வர வேண்டும். நிதி தரும் நிறுவனம் சொல்வது: "டஸ்கீகிக்குப் பிறகு அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு விழிப்புணர்வு வீடியோ, நான்கு மொழிகளில் துண்டறிக்கை, தேவாலயங்களில் இரண்டு கூட்டம், இவ்வளவு போதும்."

இது போதுமா? பணத்தை எங்கே போட்டால் உண்மையில் பலன் கிடைக்கும்? நெறிமுறை இன்னும் இறுதியாகவில்லை. மாற்ற இடம் இருக்கிறது.

ஆதிரை:
இறுதியாவதற்கு முன்பே கேட்டது நல்லது. பின்னால் கேட்டிருந்தால் துண்டறிக்கையைத் தவிர வேறு எதையும் மாற்ற முடியாது.

முதலில் டஸ்கீகி. பலர் இதைத் தப்பாகச் சொல்கிறார்கள், ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள்கூட. அலபாமாவின் மேக்கன் கவுன்ட்டியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை நடத்தியது அது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்கள் 399 பேர், இல்லாதவர்கள் 201 பேர். அவர்களுக்கு யாரும் நோயை ஊசி வழியாக ஏற்றவில்லை. "கெட்ட இரத்தத்துக்கு" வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லி, வைத்தியம் செய்யாமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் கொடுக்கவில்லை. முதுகுத் தண்டுநீர் எடுப்பதையே "சிறப்பு இலவச சிகிச்சை" என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் உள்ளிருந்து எதிர்த்துப் பார்த்து, கடைசியில் செய்தியாளரிடம் கொடுத்த பிறகே 1972-இல் நின்றது. 1974-இல் தேசிய ஆராய்ச்சிச் சட்டம், 1979-இல் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அறநெறி வகுத்த பெல்மான்ட் அறிக்கை, 1997-இல் அதிபர் கிளின்டனின் மன்னிப்பு, எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

ஊசி போட்டது நடந்தது குவாத்தமாலாவில், 1946 முதல் 1948 வரை. அதுவும் அதே அமெரிக்கச் சேவைதான். அதற்கு 2010-இல்தான் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. ஆகவே கூட்டத்தில் ஒருவர் எழுந்து "எங்கள் ஆட்களுக்கு ஊசி போட்டு நோயைக் கொடுத்தீர்கள்" என்றால் உடனே திருத்தப் போகாதீர்கள். நடந்தது அதைவிடக் குறைந்த கொடுமை இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் நிறுவனத்தின் முடிவுக்கு டஸ்கீகி ஆதாரமாகாது. 2006-இல் வென்ட்லரும் சக ஆய்வாளர்களும் 20 ஆய்வுகளில் சுமார் 70,000 பேரின் சம்மத விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கேட்கப்பட்டபோது சிறுபான்மை மக்கள் வெள்ளையர்களைப் போலவே சம்மதித்தார்கள். வித்தியாசம் மிகச் சிறியது. அவநம்பிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் கேட்கவே படாதவரை "நம்பவில்லை" என்று கணக்கெழுதுவது அநியாயம்.

புள்ளிக்கணக்கர்:
ஆதிரை சொன்னதை உங்கள் ஆய்விலேயே அளக்கலாம். ஒவ்வொரு மையமும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று வைக்கும். அதில் வழக்கமாகச் சேர்ந்தவர் எண்ணிக்கைதான் இருக்கும். இன வாரியாக, மொழி வாரியாக ஐந்து எண்கள் வேண்டும்: பதிவுகளில் பார்க்கப்பட்டவர், நேரில் கேட்கப்பட்டவர், தகுதி பெற்றவர், சம்மதித்தவர், கடைசி வரை இருந்தவர். மாதம் ஒருமுறை பாருங்கள்.

எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்வு வேறு. பார்க்கப்பட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் இடையில் உதிர்ந்தால் அது மருத்துவரோ ஒருங்கிணைப்பாளரோ "இவர் தொடர்ந்து வரமாட்டார்" என்று தாங்களே முடிவு செய்துவிடுவது. தகுதியில் உதிர்ந்தால் நெறிமுறையின் கோளாறு. சம்மதத்தில் உதிர்ந்தால்தான் நம்பிக்கை, மொழி, நேரம் பற்றிய பேச்சு. கடைசியில் உதிர்ந்தால் பெரும்பாலும் போக்குவரத்து, வேலை நேரம், பணம். வீடியோ எடுத்தால் சம்மதப் படிக்கு ஓரளவு உதவும், அவ்வளவே.

தகுதி விதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பழைய நெறிமுறையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 1,500-க்குக் கீழே இருந்தால் விலக்கு என்று புற்றுநோய் ஆய்வுகளில் எழுதுவார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற இரத்த வகைப் பண்பால் அந்த எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. நோயும் இல்லை, தொற்று அபாயமும் கூடுதல் இல்லை. ஆனாலும் கதவு சாத்தப்படுகிறது. அதற்கு டஃபி-இன்மை உள்ளவர்களுக்குத் தனி வரம்பு எழுதலாம்.

உங்கள் ஆய்வில் கவனிக்க வேண்டியது சிறுநீரகக் கணக்கு, அதாவது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று இரத்தப் பரிசோதனையிலிருந்து மதிப்பிடும் எண். எண் குறைந்தால் சிறுநீரகத்தின் திறன் குறைவு என்று பொருள். 2009-ஆம் ஆண்டு சூத்திரம் கறுப்பினத்தவர் என்றாலே விடையை 1.159-ஆல் பெருக்கியது. 2021-இல் அந்த இனப் பெருக்கெண் நீக்கப்பட்டது. சில ஆய்வகங்களின் மென்பொருளில் இன்னும் பழையது இருக்கக்கூடும், ஆகவே "2021 சூத்திரம், இனப் பெருக்கெண் இல்லாமல்" என்று நெறிமுறையிலேயே எழுதுங்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு: புதிய சூத்திரத்தில் கறுப்பினத்தவரின் எண் முன்பைவிடக் குறைந்து வரும். விலக்கு வரம்பை 60-இல் வைத்தால் முன்பு உள்ளே வந்திருக்கக்கூடிய சிலர் இப்போது வெளியே போவார்கள். மருந்தின் பாதுகாப்புத் தரவு அனுமதித்தால் வரம்பை 45-க்கோ 30-க்கோ இறக்க முடியுமா என்று மருந்தியல் குழுவிடம் கேளுங்கள். உயர் இரத்த அழுத்தம் அதிகம் இருக்கும் மக்களிடம் சிறுநீரகக் குறைபாடும் அதிகம். அவர்களை விலக்கிவிட்டு அவர்களுக்கான மருந்து என்று விற்கக் கூடாது.

தாழைமலர்:
சம்மதப் படிவமும் மொழியும் பற்றி நான் சொல்கிறேன். துண்டறிக்கையை நான்கு மொழிகளில் அடித்துவிட்டு, படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருக்கும் ஆய்வுகள் நிறைய. வாசலில் வரவேற்று உள்ளே வாய்பேசாமல் நிற்பது மாதிரி.

மொழிபெயர்ப்பு ஒரே ஆள் ஒரே இரவில் செய்யும் வேலை இல்லை. இருவர் தனித்தனியே பெயர்க்க வேண்டும். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்க்க வேண்டும். அதன் பிறகும் முடியவில்லை: அந்த மொழிக்காரர்கள் ஐந்து முதல் எட்டுப் பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு பத்தியையும் அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பிழை பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும். இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் படித்தவர் "எனக்கு எந்த மருந்து சரியோ அதை டாக்டர் தேர்ந்தெடுப்பார்" என்று புரிந்துகொண்டிருப்பார். கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறது, டாக்டருக்கே தெரியாது என்பது ஏறாமல் போயிருக்கும். பின்னால் தெரியவரும்போது ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான திருத்தப்பட்ட கூட்டாட்சி விதி 2019 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முக்கியத் தகவல்கள் படிவத்தின் தொடக்கத்திலேயே சுருக்கமாக வர வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியையாவது ஆறாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும்படி எழுதுங்கள். வக்கீல் பத்திகள் பின்னால் வரட்டும்.

எதிர்பாராத மொழிக்காரர் ஒருவர் வந்தால் குறும்படிவ முறைக்கு விதியில் இடம் உண்டு. அவர் மொழியில் உள்ள குறும்படிவம், அறநெறிக் குழு (ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு) ஒப்புக்கொண்ட வாய்மொழிச் சுருக்கம், கூடவே ஒரு சாட்சி. பங்கேற்பாளர் குறும்படிவத்தில் கையெழுத்திடுவார். சாட்சி குறும்படிவத்திலும் சுருக்கத்தின் பிரதியிலும். சம்மதம் வாங்குபவர் சுருக்கத்தின் பிரதியில். தணிக்கையில் அதிகம் மாட்டுவது சாட்சியின் இரண்டாவது கையெழுத்து. அதைவிடப் பெரிய தப்பு, இந்த அவசர வழியையே வழக்கமாக்கிக்கொள்வது. ஒரு மொழியில் சிலர் தொடர்ந்து வர ஆரம்பித்தால் முழுப் படிவத்தையும் பெயர்த்துவிடுங்கள்.

மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவுக்கு வருத்தம் தரும் அபாயத்தைப் பிள்ளை சொல்லாமல் விடும். பிள்ளைக்குத் தெரியக் கூடாத நோயை அம்மாவும் சொல்லமாட்டார். முதல் நாள் மட்டுமல்ல, ஒவ்வொரு வருகைக்கும், இரவில் பக்க விளைவு வந்தால் அழைக்கும் எண்ணுக்கும் மொழிபெயர்ப்பாளர் செலவு வரவு செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த இரவு எண்ணை நீங்களே அந்த மொழியில் அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

முகிலன்:
மிகவும் பயனுள்ளவை, நன்றி. பணம் கொடுப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். "அதிகம் கொடுத்தால் ஏழைகளை ஆசை காட்டி இழுப்பதாகும்" என்று அறநெறிக் குழு தயங்குகிறது.

களத்துமேடு:
இந்தத் தயக்கத்தை நல்லெண்ணமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவில் அதன் பாரம் ஏழைகள் தலையில்தான் விழுகிறது. மூன்றாகப் பிரித்துப் பாருங்கள் முகிலன்: கைக்காசு செலவைத் திருப்பித் தருவது, நேரத்துக்கான கூலி, ஊக்கத்தொகை. முதல் இரண்டில் தாராளமாக இருந்தால் யாரும் ஆசைக்கு மயங்கமாட்டார்கள், நஷ்டப்படாமல் இருப்பார்கள். பயணம், தங்குமிடச் செலவைத் திருப்பித் தருவதில் சிக்கல் இல்லை என்பதுதான் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிலைப்பாடும். அறநெறிக் குழுவுக்கு இப்படிப் பிரித்த அட்டவணையாகக் கொடுங்கள்.

"ரசீது கொடுங்கள், ஆறு வாரத்தில் காசோலை வரும்" என்பது மணிக்கூலிக்காரருக்குப் பயன்படாது. பயணத்தை முன்கூட்டியே பதிவு செய்து கொடுங்கள், அல்லது வருகை முடிந்த அன்றே அட்டையில் ஏற்றுங்கள். மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையும் வருகை நேரம் வையுங்கள். பணம் முழுவதையும் கடைசி வருகைக்கு நிறுத்தி வைக்காதீர்கள். நடுவில் விலக நினைப்பவரைக் கட்டிப்போடுவது அதுதான். வருகைக்கு வருகை கணக்கு முடியட்டும்.

வரி. ஆண்டுக்கு ஒரு வரம்புக்கு மேல் கொடுத்தால் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள். பலர் திரும்பிப் போவது அந்த மேசையில்தான். அந்த எண்ணை ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், ஆய்வுத் தரவோடு சேராது என்பதைச் சம்மதத்தின்போதே சொல்லிவிட வேண்டும். எண் இல்லாதவர் பணம் வாங்காமலே சேர முடியுமா, வேறு வரி எண் ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக நிதி அலுவலகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவி) வாங்குபவருக்கு ஆய்வுப் பணம் வருமானமாகக் கணக்காகி உதவித்தொகை குறையலாம். ஆண்டுக்கு 2,000 டாலர் வரை விலக்கு தரும் சட்டம் இருக்கிறது, ஆனால் அது அரிய நோய் ஆய்வுகளுக்கு மட்டும். உங்களுடையது இரத்த அழுத்தம், ஆகவே பொருந்தாது. இதைச் சொல்லாமல் பணம் கொடுத்து, அடுத்த மாதம் ஒருவரின் உதவித்தொகை குறைந்தால் அந்தத் தெருவில் உங்கள் ஆய்வு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி: 2022 ஜனவரி 1 முதல் தகுதியுள்ள ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சைச் செலவை அது ஏற்க வேண்டும் என்பது சட்டம்.

குடியேற்ற அச்சம் பற்றி: தேவையில்லை என்றால் குடியேற்ற நிலையைக் கேட்கவே வேண்டாம். கேட்காத தகவல் கசியாது. என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) நிதி இருந்தால் இரகசியக் காப்புச் சான்றிதழ் 2017 அக்டோபரிலிருந்து தானாகவே பொருந்துகிறது. நீதிமன்றம் கேட்டாலும் அடையாளம் தெரியும் தரவைத் தர வேண்டியதில்லை என்பது அதன் பலம். தனியார் நிதி என்றால் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் எல்லைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள், "முழுப் பாதுகாப்பு" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேங்கை:
அடிப்படைக் கேள்வி ஒன்று. இனம் என்பது உயிரியல் பிரிவே இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படியிருக்க இன வாரியாக ஆள் சேர்ப்பது அந்தப் பழைய எண்ணத்தையே திரும்பக் கொண்டுவருவதாகாதா?

புள்ளிக்கணக்கர்:
நியாயமான கேள்வி வேங்கை. இனத்தைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்கப் போனால் நீங்கள் சொல்வது நடக்கும். சிறுநீரகச் சூத்திரத்தில் நடந்தது அதுதான். ஆனால் யாரை அளக்கவே இல்லை என்று பார்ப்பது வேறு வேலை.

விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். இது 2020-இல் வெளியானது. எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல்படி குறைந்தது பத்துப் பேரிடம் சோதித்தால் போதும், அதில் கருந்தோல் உள்ளவர் இருவர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. தோலின் நிறம் ஒளியை உறிஞ்சுவது இயற்பியல். சோதனையில் இருவரை மட்டும் வைத்தது மனிதர் எடுத்த முடிவு.

மருந்திலும் உண்டு. கார்பமசிபைன் என்ற வலிப்பு மருந்தால் வரும் கொடிய தோல் எதிர்வினைக்கும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகைக்கும் தொடர்பு இருக்கிறது. அது ஆசிய வம்சாவளியினரிடம்தான் அதிகம், ஆசியாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். 2007 முதல் எஃப்.டி.ஏ. முன்சோதனையைப் பரிந்துரைக்கிறது. உங்கள் துறையிலேயே, இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்ட ஆல்ஹாட் ஆய்வு இருக்கிறது முகிலன்: 33,357 பேர், அவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் கறுப்பினத்தவர். அவ்வளவு பேர் இருந்ததால்தான், குளோர்தாலிடோன் என்ற மருந்தை எடுத்த கறுப்பினத்தவரைவிட லிசினோபிரில் என்ற மருந்தை எடுத்த கறுப்பினத்தவரிடம் பக்கவாதம் அதிகம் என்பது 2002-இல் தெளிவாகத் தெரிந்தது.

தெற்காசியர் பற்றி: "ஆசியர்" என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். சீன, கொரிய, இந்திய, வங்கதேச மக்களை ஒரே சராசரியில் போட்டால் இதய நோய் அபாயம் மறைந்துவிடும். மசாலா என்ற தெற்காசியர் இதய ஆய்வு 2010-இல் தொடங்கியது, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் 906 பேர். அருமையான ஆய்வு. ஆனால் அப்போது சேர்வதற்கு ஆங்கிலமோ இந்தியோ உருதுவோ தெரிந்திருக்க வேண்டியிருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு அதில் இடம் இருக்கவில்லை. இங்கே படிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: நம்மவர்களும் கேட்கப்படாதவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஆதிரை:
மக்கள் ஆலோசனைக் குழு பற்றி யாரும் பேசவில்லை. முகிலன், உங்கள் திட்டத்தில் அந்தக் குழு எப்போது கூடுகிறது? நெறிமுறை இறுதியான பிறகு என்றால் அது வெறும் அலங்காரம். இப்போதே கூட்டுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூலி, நிபுணர் ஆலோசகருக்குக் கொடுப்பதற்கு ஈடாக. எல்லாக் குழுவிலும் அதே போதகர், அதே சங்கத் தலைவர் என்று இருந்தால் ஊரின் பாதி வெளியே நிற்கும். ஆய்வில் ஒருமுறை பங்கேற்று அதிருப்தியோடு போனவர் ஒருவராவது உள்ளே இருக்கட்டும்.

குழு கேட்டது, மாற்றியது, மாற்றாதது, மாற்றாததற்குக் காரணம் என்று நான்கு பத்திகளில் பதிவு வைத்து அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் படியுங்கள். மாற்றாததைக் காரணத்தோடு சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே சொல்லாததைத்தான் ஏற்பதில்லை.

ஆய்வை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இரத்த அழுத்தத்திலேயே சான்று உண்டு. 2018-இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகங்கள் ஆய்வு. 52 கடைகள், 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவரோடு ஒப்பந்த முறையில் மருந்து எழுதினார். மற்றதில் முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் பிரிவில் 27 புள்ளி குறைந்தது, இரண்டாவதில் 9.3. சுமார் 95 சதவீதம் பேர் கடைசி அளவீடு வரை இருந்தார்கள். "இந்த மக்கள் பாதியில் போய்விடுவார்கள்" என்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

நெய்தல்:
இரத்த மாதிரிகள் சேமிக்கப் போகிறீர்களா? அப்படியானால் ஹவாசுபாய் வழக்கைக் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிராண்ட் கேன்யனில் வாழும் சிறிய பழங்குடி. 1990களின் தொடக்கத்தில் நீரிழிவு ஆய்வு என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். பிறகு அதே இரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், ஆதி இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்குப் போனது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றினோம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கே எதிராக அவர்கள் இரத்தம் பேச வைக்கப்பட்டது. 2010-இல் 7,00,000 டாலர் இழப்பீடும், மாதிரிகளைத் திருப்பித் தருவதும் என்று முடிந்தது. இன்னொரு அமெரிக்கப் பழங்குடியான நவஹோ நாடு 2002-இலேயே மரபணு ஆய்வுகளை நிறுத்தி வைத்துவிட்டது.

அதனால் "எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படலாம்" என்ற ஒற்றை வரி வேண்டாம். மூன்று தனிக் கட்டங்கள் வையுங்கள்: ஒன்று, இந்த ஆய்வுக்கு மட்டும்; இரண்டு, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பானவற்றுக்கு; மூன்று, வேறு எதற்கும். மரபணுத் தரவைப் பொதுத் தளத்தில் பகிர்வதற்கு நான்காவது. எதையும் குறிக்காமல் விட்டால் குறைந்தபட்ச அனுமதி என்று கொள்ள வேண்டும். இதில் தவறுவது படிவம் இல்லை, உறைபெட்டி. காகிதத்தில் "இல்லை" என்று குறித்தவரின் குழாயில் அந்தத் தகவல் போய்ச் சேராது. பட்டைக்குறியீட்டோடு அனுமதி நிலையையும் மாதிரித் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொரு முறை மாதிரி வெளியே போகும்போதும் மென்பொருளே தடுக்கும்படி செய்யுங்கள். சம்மதம் திரும்பப் பெற்றால் எத்தனை நாளில் அழிப்பீர்கள், ஏற்கெனவே பகிர்ந்ததை மீட்க முடியாது என்பதையும் எழுதுங்கள்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா லாக்ஸிடம் 1951-இல் கேட்காமல் எடுத்த செல்களின் மரபணு வரிசையை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் அவர் குடும்பத்தினருக்கு இடம் கிடைத்தது 2013-இல்தான். உங்கள் மாதிரிக் கிடங்கின் அனுமதிக் குழுவில் ஆலோசனைக் குழுவிலிருந்து இருவருக்கு வாக்குரிமை கொடுங்கள். அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

முகிலன்:
மாதிரிக் கட்டங்களையும் ஐந்து எண் பதிவேட்டையும் நாளைக்கே வரைவில் சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று: முடிவுகளைத் திருப்பிச் சொல்வதற்கு நிறுவனம் தனி நிதி தரவில்லை.

தாழைமலர்:
ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் சாதாரண மக்களுக்கான சுருக்கம் கட்டாயம், ஆகவே பன்னாட்டு நிறுவனங்களுக்கு இந்த வேலை புதிதல்ல. இரண்டு பக்கம், எல்லா மொழிகளிலும், இதழில் வெளியாகும் அதே வாரத்தில் தபாலிலும் குறுஞ்செய்தியிலும் போக வேண்டும். மருந்து தோற்றாலும் போக வேண்டும். எந்தப் பிரிவில் இருந்தோம் என்பதை ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். ஆய்வு முடிந்த மறுநாள் மருந்து நின்றுவிடுமா, எத்தனை மாதம் தொடரும் என்பது சம்மதப் படிவத்திலேயே இருக்கட்டும்.

களத்துமேடு:
அதோடு தகுதி பெறாதவர்களையும் மறக்காதீர்கள். சோதனைக்கு வந்தவருக்கு அழுத்தம் 190 இருக்கிறது, ஆனால் விதிப்படி சேர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் தகுதி பெறவில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. 180-க்கு மேல் இருந்து மார்வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் அவசர ஊர்தி. அறிகுறி இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்து, எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, காப்பீடு இல்லாதவரையும் ஏற்கும் சமூக நல மையத்தில் அந்த வாரத்துக்குள் நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். மூன்று நகரங்களிலும் அப்படி ஒரு மையத்தோடு எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் போனாரா என்று ஒருவர் தொலைபேசியில் கேட்க வேண்டும். அந்த அழைப்பைச் செய்யும் ஆளின் சம்பளத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகப் போடுங்கள்.